மூழ்கும் துகள் மாடல் முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

கடலின் மேற்பரப்பில் உருவாகும் கரிமத் துகள் மெல்ல மூழ்குகிறது. போகிற வழியில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் தண்ணீருக்கே திருப்பித் தருகின்றன. நிரலில் இது ஐம்பது வரியைத் தாண்டாது. ஆனாலும் உலகக் கடல் மாடலில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் முதல் பழி மூழ்கு வேகத்தின் மேலும் சிதைவு வீதத்தின் மேலும்தான் விழுகிறது. அந்த இரண்டையும் திருகிப் பார்ப்பது சுலபம் என்பதால் எல்லோரும் அங்கேயே கை வைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. கணக்கில் ஓர் ஓட்டை, அலகில் ஒரு பிசகு, அடித்தளத்தில் மறந்துபோன ஒரு வரி என்றுதான் முடியும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. அளபுருவை, அதாவது வேகம், வீதம் போன்ற திருகக்கூடிய எண்களை, தொடுவது கடைசியில்.

சொற்கள்: ஒரு சதுர மீட்டரை ஒரு நாளில் கடந்து இறங்கும் துகளின் அளவு "பாய்வு". மூழ்கு வேகத்தைச் சிதைவு வீதத்தால் வகுத்தால் வருவது "சிதைவு நீளம்". நாளுக்கு 50 மீட்டர் வேகம், நாளுக்கு 0.05 வீதம் என்றால் நீளம் 1000 மீட்டர். ஆழத்தோடு பாய்வு குறைவதற்கு 1987-இல் மார்ட்டினும் கூட்டாளிகளும் வடகிழக்குப் பசிபிக்கின் அளவீடுகளிலிருந்து கொடுத்த வளைவில் (பாய்வு = 100 மீட்டரில் உள்ள பாய்வு × (ஆழம் ÷ 100)^−0.858) வரும் 0.858-ஐ இங்கே "மார்ட்டின் எண்" என்போம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: ஒற்றை நெடுவரிசை

4000 மீட்டர் ஆழம், 100 மீட்டர் தடிமனில் 40 அடுக்கு. நீரோட்டம் வேண்டாம், கலப்பு வேண்டாம், உற்பத்தியை அணைத்துவிடுங்கள். மேல் அடுக்கில் மட்டும் கனமீட்டருக்கு 1 மில்லிமோல் துகள் பாஸ்பரஸ் போட்டு ஓராண்டு ஓட்டுங்கள். துகள், கரைந்தது இரண்டையும் அடுக்குத் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் சதுர மீட்டருக்கு 100 மில்லிமோல் வர வேண்டும், ஒவ்வொரு காலப்படியிலும். இரட்டைத் துல்லியத்தில் ஓடினால் சார்புப் பிழை 10⁻¹² பக்கம் நிற்க வேண்டும். நாலாம் தசமத்தில் ஆடினால் உலக மாடலை நிறுத்திவிடுங்கள். இந்த நெடுவரிசை சரியாகும்வரை உலக மாடலின் வெளியீட்டைப் பார்ப்பதே வீண்.

இரண்டாவது சோதனை: மேல் அடுக்கில் நிலையான வரவைக் கொடுத்து ஓட்டி, கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். 100 மீட்டரில் பாய்வு 1 என்றால் மார்ட்டின் வளைவின்படி 1000 மீட்டரில் 0.139, 4000 மீட்டரில் 0.042. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துவைத்துக் கொள்ளலாம். வரைபடத்தைப் பார்த்ததுமே தப்பு தெரியும்.

## அறிகுறி 1: மொத்த பாஸ்பரஸ் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போகிறது

ஆற்று வரவும் படிவில் புதைவதும் இல்லாத மாடலில் மொத்த இருப்பு அசையவே கூடாது. உலகக் கடலின் பாஸ்பேட் இருப்பு சுமார் 3 × 10¹⁵ மோல். இதில் நூற்றாண்டுக்கு 1 சதவீதம் கசிந்தாலே 3000 ஆண்டு ஓட்டத்தில் முடிவு குப்பைக்குத்தான்.

### மறுதொடக்கத்தில் மட்டும் படிக்கட்டுபோல் குதிக்கிறதா?

மறுதொடக்கக் கோப்பில் ஏதோ ஒரு கூறு எழுதப்படவில்லை. அநேகமாகத் துகள் அல்லது அரைகுறையாகச் சிதைந்த கரைந்த கரிமம். ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அது சுழியமாகிறது. பத்து நாள் ஒரே ஓட்டம், ஐந்தும் ஐந்துமாக இரண்டு ஓட்டம். இரண்டின் முடிவும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

### சீராகக் கூடுகிறதா?

எங்கோ எதிர்மறைச் செறிவைச் சுழியமாக வெட்டுகிறீர்கள். வெட்டும் ஒவ்வொரு முறையும் இல்லாத பொருள் உருவாகிறது. வெட்டும் வரிக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டியை வைத்து, வெட்டிய அளவைப் பருமனால் பெருக்கிச் சேருங்கள். கூடிய இருப்பும் இந்தக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனால் குற்றவாளி கிடைத்தாயிற்று. மருந்து அறிகுறி 2-இல் இருக்கிறது.

### சீராகக் குறைகிறதா?

பெரும்பாலும் தரை. கடைசி நீர்க்கட்டத்தின் அடிவழியே வெளியேறும் பாய்வை யாரும் பிடிக்கவில்லை. இழப்பை வரைபடமாகப் போட்டால் கண்டத்திட்டுகள் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் 100 மீட்டர் ஆழத்தில் துகள் சிதைய நேரமே இல்லை. உறுதிப்படுத்த, சிதைவு வீதத்தை நூறு மடங்கு உயர்த்தி ஒரு மாதம் ஓட்டுங்கள். தரையைத் துகள் எட்டாததால் கசிவு நின்றால் தரைதான். எளிய மருந்து: அடிவழிப் பாய்வு முழுவதையும் கடைசிக் கட்டத்திலேயே சிதைத்துவிடுவது. புதைவு வேண்டுமென்றால் புதைத்த அளவுக்கு ஆற்று வரவையும் வைத்தே ஆக வேண்டும்.

தரையில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஆக்சிஜன் வரம்பு. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சிதைவை நிறுத்தும் வரி, கரைந்த பாஸ்பேட்டின் பக்கம் மட்டும் போடப்பட்டிருக்கும்; துகளின் பக்கம் வழக்கம்போல் குறைந்துகொண்டே இருக்கும். சிதைவை ஒரே மாறியில் கணக்கிட்டு, அதையே ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கூட்டுங்கள். ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதினால் என்றாவது ஒரு நாள் ஒன்றை மட்டும் யாராவது திருத்துவார்கள்.

### கார்பன் மட்டும் நகர்கிறதா, பாஸ்பரஸ் நேராக இருக்கிறதா?

உற்பத்தி கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸை ரெட்ஃபீல்டின் 106:16:1 விகிதத்தில் எடுக்கிறது, சிதைவு ஆண்டர்சன்–சார்மியென்டோவின் 117:16:1 விகிதத்தில் தருகிறது. இரண்டு பேர் எழுதிய நிரலில் இது சாதாரணமாக நடக்கும். விகிதங்களை ஒரே கோப்பில் ஒரே இடத்தில் வையுங்கள்.

### எதுவும் பொருந்தவில்லையா?

கூட்டும் நிரலையே சந்தேகப்படுங்கள். கடல்மட்டம் ஏறி இறங்கும் மாடலில் மேல் அடுக்கின் பருமன் ஒவ்வொரு படியிலும் மாறுகிறது. தரையோரத்தில் பாதியாக வெட்டப்பட்ட கட்டங்களுக்கு முழுத் தடிமன் கிடையாது. நிலையான பருமனால் பெருக்கினால் இல்லாத கசிவு தெரியும். அதுவும் சரி என்றால், உயிரியல் பகுதியை முழுவதும் அணைத்து, வெறும் சாயம் ஒன்றை விட்டு ஓட்டுங்கள். சாயத்தின் இருப்பும் நகர்ந்தால் கோளாறு நீரோட்ட மாடலின் நன்னீர் வரவிலோ கடத்தல் கணக்கிலோ இருக்கிறது. இந்த இடத்தில் நீரோட்ட மாடலைப் பராமரிப்பவரை அழையுங்கள். சாயத்தின் ஓட்டத்தைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

## அறிகுறி 2: எதிர்மறைச் செறிவு, ஓட்டம் வெடிப்பது, செங்குத்தில் ரம்பப் பல்

### முதல் படியிலேயே எல்லாத் துகளும் தரையில், அல்லது எதுவுமே அசையவில்லை

நாளும் நொடியும் குழம்பியிருக்கின்றன. வித்தியாசம் 86,400 மடங்கு. ஆண்டு அளவில் எழுதிய வீதத்தை 360 நாள் நாட்காட்டியில் 365-ஆல் வகுத்தால் வருவது சிறு பிழை, ஆனால் அதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகும்.

### சில கட்டங்களில் மட்டும் எதிர்மறை

கூரண்ட் எண்ணைக் கணக்கிடுங்கள்: மூழ்கு வேகம் × காலப்படி ÷ அடுக்குத் தடிமன். வெளிப்படைத் திட்டத்தில் (இப்போதைய செறிவை மட்டும் வைத்து அடுத்த படியைக் கணக்கிடும் முறை) இது 1-ஐத் தாண்டக் கூடாது. நாளுக்கு 200 மீட்டர் மூழ்கும் துகளும் 3 மணி நேரக் காலப்படியும் என்றால் ஒரு படியில் 25 மீட்டர். அடுக்கு 10 மீட்டர் என்றால் எண் 2.5. துகள் ஒரே தாவலில் இரண்டரை அடுக்கைக் கடக்கப் பார்க்கிறது, கட்டத்தில் இருப்பதைவிட அதிகம் வெளியேறுகிறது, எதிர்மறை பிறக்கிறது.

மேல் அடுக்குகளை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிடாதீர்கள். வேகம் ஆழத்தோடு கூடும் மாடலில் மோசமான கட்டம் தரையோரத்தில்தான் இருக்கும்: 3000 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டருக்கு வெட்டப்பட்ட துண்டுக் கட்டம். உலகம் முழுவதற்கும் அதிகபட்சக் கூரண்ட் எண்ணையும் அது விழுந்த இடத்தையும் ஒரு வரியில் அச்சிடுங்கள்.

மருந்து, செலவு குறைந்ததிலிருந்து:

- மூழ்குதலை மட்டும் சிறு படிகளாக உடைப்பது. மேலே சொன்ன 3 மணி நேரத்தை மூன்றாக வெட்டினால் எண் 0.83. மற்ற கணக்கு எதையும் தொட வேண்டியதில்லை.
- உள்ளார்ந்த மேல்காற்றுத் திட்டம்: பாய்வை மேல் கட்டத்திலிருந்து மட்டும், அடுத்த காலப்படியின் செறிவை வைத்துக் கணக்கிடுவது. மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகத் தீர்த்துவிடலாம், எதிர்மறை வராது. விலை அறிகுறி 3-இல் தெரியும்.
- துகளை மிதக்கும் பொருளாகவே வைக்காமல், ஒரே படியில் நெடுவரிசை முழுவதும் பகிர்ந்துவிடுவது. நூற்றாண்டு ஓட்டங்களுக்கு இது போதும். மூழ்கும் வழியில் நீரோட்டம் துகளை இழுத்துப்போவது முக்கியமென்றால் போதாது.

### ஒன்றுவிட்ட அடுக்கில் ஏற்ற இறக்கம்

மூழ்குதலுக்கு, மேல் கீழ் இரண்டு கட்டங்களின் சராசரியை எடுக்கும் மைய வேறுபாட்டைப் போட்டிருக்கிறீர்கள். துகள் மேலிருந்து மட்டுமே வருகிறது. கீழே உள்ள கட்டத்தைக் கேட்டு மேலே பாய்வைத் தீர்மானிப்பது தப்பு. மேல்காற்றுத் திட்டத்துக்கோ வரம்பிட்ட உயர்நிலைத் திட்டத்துக்கோ மாற்றுங்கள்.

### துகள் சரி, ஆக்சிஜன் மட்டும் சுழியத்துக்குக் கீழே

வரம்பு வைக்கவில்லை. ஓசிமிப்-2 (கடல் கார்பன் மாடல்களை ஒப்பிட்ட பன்னாட்டுத் திட்டம்) நெறிமுறை லிட்டருக்கு 4 மைக்ரோமோலுக்குக் கீழே ஆக்சிஜன் செலவை நிறுத்தியது. சட்டென்று அணைக்கும் சுவிட்சைவிட மென்மையாகக் குறையும் சார்பு நல்லது. சுவிட்ச் வைத்த இடத்தில் படிக்குப் படி அணைவதும் எரிவதுமாக இருக்கும்.

## அறிகுறி 3: ஆழத்துக்குப் போகும் துகள் அதிகம் அல்லது குறைவு

### அதிகம்: அடுக்கு தடிமனா?

உள்ளார்ந்த மேல்காற்றுத் திட்டத்தில் ஒவ்வொரு அடுக்கையும் தாண்டும் பங்கு 1 ÷ (1 + தடிமன் ÷ சிதைவு நீளம்). சரியான விடை e^(−தடிமன் ÷ சிதைவு நீளம்) என்ற அடுக்குக்குறிச் சார்பு. நீளமும் தடிமனும் 500 மீட்டர் என்றால் திட்டம் 0.50 தருகிறது; உண்மை 0.37. நீளம் 500-ஆக இருக்க, தடிமனை 100-ஆகக் குறைத்தால் ஐந்து அடுக்குக்குப் பிறகு 0.40 வருகிறது. ஆழ்கடலில் 500 மீட்டர் அடுக்குகள் சாதாரணம், ஆகவே இது வெறும் ஏட்டுப் பிழை இல்லை. பலர் இதைச் சிதைவு வீதத்தை உயர்த்திச் "சரி" செய்கிறார்கள். பிறகு அடுக்கின் எண்ணிக்கை மாறும் நாளில் மாடல் வேறு மாடலாகிவிடுகிறது.

மருந்து: அடுக்கின் அடிப் பாய்வை, மேல் பாய்வு × அடுக்குக்குறிச் சார்பு என்று நேரடியாக எழுதி, வித்தியாசத்தை அந்த அடுக்கில் சிதைந்ததாக வையுங்கள். தடிமன் எதுவானாலும் விடை மாறாது.

### அதிகம் அல்லது குறைவு: மார்ட்டின் வளைவை எங்கே மதிப்பிடுகிறீர்கள்?

வளைவு பாய்வைத் தருகிறது, ஆகவே அடுக்குகளின் எல்லை ஆழத்தில் மதிப்பிட வேண்டும். அடுக்கின் மையத்தில் மதிப்பிட்டால் கணக்கு மொத்தமாக நகர்ந்துவிடும்.

குறிப்பு ஆழத்துக்கு, அதாவது வளைவு தொடங்கும் ஆழத்துக்கு, மேலே வளைவைப் பயன்படுத்தாதீர்கள். 100 மீட்டரை அடிப்படையாகக் கொண்ட வளைவில் 10 மீட்டரைப் போட்டால் பாய்வு 7.2 மடங்காகிறது. உற்பத்தி ஆகாத துகளை வளைவு உருவாக்குகிறது.

குறிப்பு ஆழமே மாறியிருக்கலாம். ஓசிமிப்-2 பயன்படுத்தியது 75 மீட்டரும் 0.9-உம். அதே ஏற்றுமதியை (மேல் அடுக்கை விட்டு இறங்கும் துகளின் அளவை) 75 மீட்டரில் வைத்து 0.858-ஐ ஓட்டினால் 100 மீட்டரில் பாய்வு 0.78-ஆகக் குறைகிறது. இரண்டு மாடலின் "ஏற்றுமதி"யை ஒப்பிடும் கட்டுரைகளில் இந்த 22 சதவீதம் பல நேரம் சொல்லப்படாமலே நழுவுகிறது.

### குறைவு: வெப்பநிலை சார்ந்த சிதைவா?

பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்ற விதியைப் போட்டிருந்தால் குறிப்பு வெப்பநிலையைப் பாருங்கள். 20 டிகிரியில் அளந்த வீதத்தை 0 டிகிரிக்கு உரியதாகப் போட்டால் எங்கும் சிதைவு 4 மடங்காகிறது. துகள் எல்லாம் மேல் சில நூறு மீட்டரிலேயே கரைந்துவிடும். கெல்வின், செல்சியஸ் குழப்பம் இன்னும் மோசம், ஆனால் அது உடனே கண்ணில் படும்.

### வேகம் ஆழத்தோடு கூடும் மாடலில்

வேகம் நேர்கோட்டில் கூடி, சிதைவு வீதம் மாறாமல் இருந்தால் மார்ட்டின் எண் = சிதைவு வீதம் ÷ வேகத்தின் சரிவு. வீதம் 0.05 என்றால் 0.858 கிடைக்கச் சரிவு 0.058, அதாவது 1000 மீட்டரில் நாளுக்கு 58 மீட்டர். உங்கள் எண்களை இந்த வகுத்தலில் போட்டுப் பாருங்கள். கட்டுரையில் 0.858 என்று எழுதிவிட்டு நிரலில் 1.4-ஐ ஓட்டிக்கொண்டிருப்பது இப்படித்தான் வெளியே வரும்.

### எல்லாம் சரி, இன்னும் பொருந்தவில்லை

இப்போதுதான் அளபுருவின் முறை. ஒரே எண் எல்லாக் கடலுக்கும் பொருந்தாது என்பது தெரிந்ததே. ஆனால் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதில் ஆய்வுகளே மோதிக்கொள்கின்றன. உயர் அட்சரேகைகளில் ஆழம் எட்டும் பங்கு குறைவு என்றது 2012-இல் ஹென்சன் குழு. அதிகம் என்றது 2016-இல் வெபர் குழு. இடத்துக்கு ஏற்ப மாறும் எண்ணை வைப்பதென்றால் எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள் என்பதை நிரலின் குறிப்பிலேயே எழுதுங்கள். திருகும் கை மெதுவாக இருக்கட்டும்: சிதைவு ஆழம் உலகம் முழுவதும் வெறும் 24 மீட்டர் இறங்கினாலே காற்றின் கார்பன் டையாக்சைடு 10 முதல் 27 பிபிஎம் வரை குறையும் என்று குவான், பிரிமோ, சார்மியென்டோ 2009-இல் காட்டினார்கள்.

## அறிகுறி 4: கிழக்குப் பசிபிக் நடுக்கோட்டில் பாஸ்பேட் குவிகிறது

சத்துப் பொறி என்று பெயர்பெற்ற பழைய நோய் இது. 1992-இல் நஜ்ஜர், சார்மியென்டோ, டாக்வைலர் ஆகியோர் அலசியது. கீழிருந்து எழும் தண்ணீர் சத்தைக் கொண்டுவருகிறது, மேலே உற்பத்தி நடக்கிறது, துகள் நேர் கீழே மூழ்கி, எழுந்துகொண்டிருக்கும் அதே தண்ணீரில் சிதைகிறது. அந்தத் தண்ணீர் மறுபடி எழும்போது முன்பைவிடச் சத்து அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

### முதலில் அலகு

கண்காணிப்புத் தரவு கிலோவுக்கு மைக்ரோமோல், மாடல் கனமீட்டருக்கு மில்லிமோல் என்றால் மாடல் 2.5 சதவீதம் அதிகமாகத் தெரியும். சத்துப் பொறியின் பிழை இதைவிடப் பெரிது. ஆனாலும் முதலில் இதைக் கழித்துவிடுங்கள்.

### அதிகப்படியான பாஸ்பேட் சிதைவிலிருந்தா, ஏற்கெனவே வந்ததா?

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான கழித்தல் உண்டு. தெவிட்டிய ஆக்சிஜனிலிருந்து (தண்ணீர் காற்றிலிருந்து ஏற்கக்கூடிய அளவு) இருக்கும் ஆக்சிஜனைக் கழித்து, ஒரு பாஸ்பேட்டுக்குச் செலவாகும் ஆக்சிஜனான 170-ஆல் வகுங்கள். அது சிதைவில் வந்த பாஸ்பேட். மீதி, தண்ணீர் மேற்பரப்பிலிருந்து இறங்கியபோதே கையோடு கொண்டுவந்தது. மாடலிலும் கண்காணிப்பிலும் இதைச் செய்து, இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியாக வரைபடமாகப் போடுங்கள்.

சிதைவுப் பங்கு மட்டும் அதிகம் என்றால் உண்மையான சத்துப் பொறி. கீழே தொடருங்கள். (ஆக்சிஜன் ஏற்கெனவே சுழியத்தில் நிற்கும் கட்டங்களில் இந்தக் கழித்தல் ஏமாற்றும், அங்கே சிதைவு நின்றிருக்கும் அல்லது நைட்ரேட்டைத் தின்றுகொண்டிருக்கும்.)

கொண்டுவந்த பங்கு அதிகம் என்றால் நடுக்கோட்டை விட்டுவிடுங்கள். நோய் தென்பெருங்கடலில் இருக்கிறது: அங்கே உற்பத்தி குறைவு, அல்லது இரும்பு வரம்பு அளவுக்கு மீறி இறுக்கம், அல்லது குளிர்காலக் கலப்பு அதிகம். நடுக்கோட்டில் மூழ்கு வேகத்தைத் திருகி இதை மறைத்துவிட முடியும். மறைத்தால் ஆக்சிஜன் கெடும்.

### உண்மையான சத்துப் பொறிக்கு

1. எல்லா ஏற்றுமதியையும் துகளாக வைத்திருக்கிறீர்களா? ஒரு பங்கைக் கரைந்த கரிமமாக மாற்றுங்கள். அது மூழ்காது, மேல் நீரோட்டத்தோடு பக்கவாட்டில் போய் வேறு இடத்தில் சிதையும், சுழற்சி உடையும். ஓசிமிப்-2-இல் உற்பத்தியின் 67 சதவீதம் இப்படிப் போனது, ஆயுள் அரை ஆண்டு. ஆயுளை மட்டும் 0.25, 0.5, 1 ஆண்டு என்று மாற்றி மூன்று ஓட்டம் போடுங்கள். குவிப்பு அசைந்தால் வழி இதுதான்.
2. சிதைவு மிக மேலேயே நடக்கிறதா? அறிகுறி 3-இன் சோதனைகள்.
3. நடுக்கோட்டு அடிநீரோட்டம் பலவீனமா? ஒரு டிகிரியைவிடப் பருத்த கட்டத்தில் இது அநேகமாகப் பலவீனமாகவே இருக்கும். கிழக்கே வர வேண்டிய ஆக்சிஜன் மிகுந்த, சத்துக் குறைந்த தண்ணீர் வருவதில்லை. உயிரியலில் எதைத் திருகினாலும் பலன் இல்லை.

மூன்றாவதை எப்படி உறுதிசெய்வது? உயிரியல் இல்லாத அளவைகளைப் பாருங்கள்: நீரின் வயது, குளோரோபுளூரோகார்பன், கதிரியக்கக் கார்பன். வட பசிபிக்கின் ஆழத்தில் கார்பன்-14 அளவு, நியமத்தோடு ஒப்பிட, ஆயிரத்துக்கு −230 முதல் −250 வரை இருக்க வேண்டும். இவையும் தப்பாக இருந்தால் துகள் நிரலை மூடிவையுங்கள். நீரோட்ட ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இது. கட்டத்தை நுணுக்குவதும் பிசுக்குமையைக் குறைப்பதும் அவர் வேலை. கணிப்பொறி நேரத்தில் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே விலை உயர்ந்த மருந்தும் அதுதான்.

## அறிகுறி 5: ஆக்சிஜன் வறண்ட பகுதி இடம் மாறி நிற்கிறது

பிரபலமான எடுத்துக்காட்டு வட இந்தியப் பெருங்கடல். உண்மையில் அரபிக் கடலில்தான் வறட்சி கடுமை. பல மாடல்கள் வங்காள விரிகுடாவில் கடுமையாகக் காட்டுகின்றன. ஆறுகள் கொண்டுவரும் களிமண்ணும் வண்டலும் விரிகுடாவின் துகளோடு ஒட்டி எடை கூட்டுகின்றன, துகள் விரைந்து இறங்குகிறது, நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்பது ஒரு வலுவான விளக்கம். எடைக்கட்டு இல்லாத மாடலில் அது வராது.

சோதனை: விரிகுடாவில் மட்டும் சிதைவு நீளத்தை ஒன்றரை மடங்காக்கி ஓட்டுங்கள். வறட்சி இடம் மாறினால் எடைக்கட்டைச் சேர்ப்பது உழைப்புக்குத் தகும். மாறாவிட்டால் அரபிக் கடலுக்கு வரும் தண்ணீரைப் பாருங்கள்: பாரசீக வளைகுடா, செங்கடல் நீரின் வரவு பருத்த கட்டத்தில் சரியாக அமைவதில்லை.

வறண்ட பகுதியில் நைட்ரேட் கணக்கு விட்டுப்போனால் வேதிச் சமன்பாட்டைப் பாருங்கள். 106 கார்பன் சிதைய 84.8 நைட்ரேட் என்று எழுதினால் 16 அம்மோனியா தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். 94.4 என்று எழுதினால் அந்த 16-உம் நைட்ரஜன் வாயுவாகப் போய்விட்டது; திரும்ப எதுவும் வரக் கூடாது. 94.4-ஐச் செலவிட்டுவிட்டு 16-ஐயும் திருப்பித் தரும் நிரல் இரண்டு புத்தகத்தைப் பார்த்து எழுதியது.

நைட்ரேட்டும் தீர்ந்த பிறகு என்ன என்பதையும் தீர்மானியுங்கள். துகள் சிதையாமல் கீழே போகட்டும் என்பது எளிய வழி. அப்போது வறண்ட பகுதிக்கு அடியில் ஆக்சிஜன் செலவு திடீரென்று ஏறும். அதைப் பிழை என்று நினைத்துத் துரத்த வேண்டாம்.

## அறிகுறி 6: பாஸ்பேட் அழகு, சிலிக்கேட்டும் காரத்தன்மையும் அவலம்

மூன்றுக்கும் ஒரே சிதைவு நீளத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஒபல் (டயட்டம் என்னும் நுண்பாசியின் சிலிக்கா ஓடு) மென்மையான கரிமத்தைவிட மெதுவாக, ஆழத்தில் கரைகிறது. கால்சியம் கார்பனேட் இன்னும் ஆழத்தில். ஓசிமிப்-2 கார்பனேட்டுக்கு 3500 மீட்டர் நீளமும், கரிமத்தோடு ஒப்பிட்ட ஏற்றுமதி விகிதமாக 0.07-உம் வைத்தது. தொடக்கத்துக்கு இவை போதும். சிலிக்கேட் தென்பெருங்கடலிலேயே சிக்கி வட பசிபிக்குக்கு வராவிட்டால் டயட்டம்களின் சிலிக்கான்–நைட்ரஜன் விகிதத்தைப் பாருங்கள். இரும்பு குறைந்த இடத்தில் அது 1:1-ஐவிட உயரும்.

## அறிகுறி 7: நூற்றாண்டு போகப்போக மேற்பரப்பு வற்றுகிறது

முதலில் அறிகுறி 1. கசிவு இல்லை என்றால் இது அநேகமாகக் கோளாறே இல்லை, அவசரம். ஆழ்கடல் நிலைபெற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஓசிமிப் பாணி ஓட்டங்கள் 3000 ஆண்டைத் தாண்டுவது அதனால்தான். 50 ஆண்டு ஓட்டத்தில் மார்ட்டின் எண்ணைத் திருகி "பொருந்துகிறது" என்றால், பொருந்தியது நீங்கள் கொடுத்த தொடக்கத் தரவு. மாடல் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

கணிப்பொறி நேரம் இல்லையென்றால் நீரோட்டத்தைக் கடத்தல் அணியாக (எந்தக் கட்டத்திலிருந்து எதற்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்ற எண் அட்டவணை) எடுத்து வைத்துக்கொண்டு உயிரியலை மட்டும் தனியே ஓட்டுங்கள். நிலைபெற்ற விடையை நேரடியாகத் தேடும் நியூட்டன்–கிரைலோவ் முறை அந்த விடைக்கு இன்னும் விரைவாகக் கொண்டுபோகும். ஆனால் சுவிட்சுபோல் அணையும் ஆக்சிஜன் வரம்பு இருந்தால் அது குவியாமல் அலைக்கழிக்கும். இரண்டு நாளில் குவியவில்லையென்றால் எண்வழிக் கணித ஆள் ஒருவரைக் கேளுங்கள். முன்தயாரிப்பு அணியைத் தேர்ந்தெடுப்பது அனுபவம் சார்ந்த வேலை.

## அறிகுறி 8: படிவுப் பொறியின் அளவோடு ஒத்துப்போகவில்லை

### அலகு

ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 1 மோல் கார்பன் என்றால் நாளுக்கு 32.9 மில்லிகிராம். இதை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்.

### ஆழம்

மூழ்கும் துகளைப் பிடிக்கக் கடலில் கட்டிவைத்த கூம்புப் பொறிகள் மேல் 1500 மீட்டரில் குறைவாகப் பிடிக்கின்றன. அங்கே மாடல் அதிகமாகத் தெரிந்தால் உடனே மாடலைக் குறைக்காதீர்கள். தோரியம்-234 அளவீட்டோடு ஒப்பிடுங்கள். அதன் அரை ஆயுள் 24.1 நாள், ஆகவே அது சில வாரச் சராசரியைத்தான் சொல்லும்; உங்கள் ஆண்டுச் சராசரியோடு வைத்துப் பார்க்காதீர்கள். மாறாக, பொறிக்குள் தானே நீந்தி வந்த உயிரிகளைப் பொறுக்காமல் விட்டிருந்தால் பொறி அதிகமாகக் காட்டும்.

### இடம்

பொறிக்கு நேர் மேலே உள்ள கட்டத்தை எடுக்கிறீர்களா? நாளுக்கு 100 மீட்டர் மூழ்கும் துகள் 3000 மீட்டர் இறங்க 30 நாள். நொடிக்கு 10 சென்டிமீட்டர் நீரோட்டம் ஒரே திசையில் இழுத்தால் அதற்குள் 259 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியை எடுங்கள்.

### நேரம்

வசந்தகால மலர்ச்சியின் கூர்மையான உச்சம் மாடலில் மழுங்கித் தெரிந்தால் அது மேல்காற்றுத் திட்டத்தின் விரவலாக இருக்கலாம். நாளுக்கு 50 மீட்டர் வேகம், 100 மீட்டர் அடுக்கு, சிறிய கூரண்ட் எண் என்றால் செயற்கை விரவல் நாளுக்கு 2500 சதுர மீட்டர். 3000 மீட்டர் இறங்க ஆகும் 60 நாளில் உச்சம் ஏறத்தாழ 550 மீட்டர் பரவுகிறது, பொறியில் அது 11 நாள். அடுக்கைப் பாதியாக்கி ஓட்டுங்கள். உச்சம் கூர்மையானால் திட்டத்தை மாற்றுங்கள். அப்படியே இருந்தால் மழுக்கம் உயிரியலில் இருக்கிறது, பெரும்பாலும் ஒரே வேகத்தில் எல்லாத் துகளையும் மூழ்கவிட்டதில். மெதுவானது ஒன்று, விரைவானது ஒன்று என இரண்டு வகை வைத்தாலே வேறுபாடு தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் விலகல் நின்றால், பொறியைப் போட்டவரிடமே கேளுங்கள்: கம்பம் எவ்வளவு சாய்ந்திருந்தது, எந்தக் கிண்ணங்கள் அடைத்துக்கொண்டன, எத்தனை நாள் திறந்திருந்தன என்று. தரவுக் கோப்பின் தலைப்பில் அநேகமாக இது இருக்காது. கப்பல் குறிப்பேட்டில் இருக்கும்.